கோட் மாறிவிட்டது, திட்டம் பழையதிலேயே நிற்கிறது: ஏஜென்டுக்கு எதைக் காட்டுவது?

பரந்தன்_பெடியன்

வணக்கம். நானும் இன்னொரு நண்பரும் பரந்தன் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுக் கணக்கு மென்பொருள் செய்துகொண்டிருக்கிறோம். சேவையகப் பக்கம் லாரவெல், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், தராசடியில் நிற்பவருக்கு ஒரு சின்ன ஆண்ட்ராய்ட் செயலி, அவ்வளவுதான். கோட்டில் பெரும்பகுதியை ஏஜென்ட்தான் (சொன்ன வேலைக்குத் தானே கோட் எழுதும் ஏஐ கருவி) எழுதுகிறது. நான் பாவிப்பது கிளோட் கோட், நண்பர் பாவிப்பது கேர்சர். தொடங்கும்போதே என்ன செய்யப்போகிறோம், எந்த ஒழுங்கில் செய்யப்போகிறோம் என்று ஒரு திட்டக் கோப்பு எழுதி ரெப்போவுக்குள் (கோட் முழுவதும் இருக்கும் களஞ்சியம்) வைத்தோம். அது இருந்ததால் வேலை வடிவாக நடந்தது, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இப்போது சிக்கல். அந்தத் திட்டத்தில் "கொள்வனவு மூடைக் கணக்கில் பதியப்படும்" என்று ஒரு வரி. இடையில் ஆலைக்காரர் மின்தராசு வாங்கினார், அதோடு எல்லாம் கிலோவுக்கு மாறியது. கோட்டை மாற்றினோம், டேட்டாபேஸை மாற்றினோம், ஆலையில் பாவனையிலும் இருக்கிறது. திட்டத்தில் அந்த வரி மட்டும் அப்படியே இருந்துவிட்டது. போன கிழமை விவசாயிகளுக்கு ரசீது அச்சிடும் பகுதியைச் செய்யச் சொன்னால், ஏஜென்ட் திட்டத்தைப் படித்துவிட்டு "கொள்வனவு அட்டவணை திட்டத்துக்கு முரணாக இருக்கிறது, சரிசெய்கிறேன்" என்று ஒரு மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் கோப்பு) எழுதி, மூடை எண்ணிக்கைக்கு ஒரு நிரல் சேர்த்து, இருக்கிற கிலோவை ஒரே நிறையால் பிரித்து மூடையாக்கும் கோட்டையும் எழுதி முடித்துவிட்டது. டிப்பை, அதாவது எந்த வரிகள் மாறின என்ற பட்டியலை, பார்த்தபடியால் உள்ளே போகவில்லை. போயிருந்தால் ரசீதில் விவசாயிக்கு வரும் தொகையே பிழைத்திருக்கும்.

கேள்வி இதுதான். கோட் ஓடும் வேகத்துக்குத் திட்டத்தை எப்படிப் பின்னால் கொண்டுபோகிறீர்கள்? யார் திருத்துவது, நாமா ஏஜென்டா? இல்லை, ஒரு கட்டத்துக்குப் பிறகு திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

ஒட்டுசுட்டான்

தூக்கிப் போடுங்கள். உண்மையாக இயங்குவது கோட் மட்டும்தான். திட்டம் என்பது ஒரு வேலையைத் தொடங்கும்போது ஏஜென்டோடு பேசி எழுதுவது, அந்த வேலை மெயினுக்குள் (எல்லோருக்கும் பொதுவான முதன்மைக் கோட்) போனதும் கோப்பை அழித்துவிடுவது. நான் அப்படித்தான் செய்கிறேன். இல்லாத கோப்பு யாரையும் ஏமாற்றாது. ஏஜென்டுக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கோட்டைப் படித்துக்கொள்ளட்டும், அது நம்மை விட வேகமாகப் படிக்கும்.

மல்லாவிக்காரி

ஒட்டுசுட்டான் அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்க முடியாது. கோட் என்ன செய்கிறது என்பதைக் கோட்டைப் பார்த்தால் தெரியும். ஏன் அப்படிச் செய்கிறது, எதை வேண்டுமென்றே செய்யாமல் விட்டிருக்கிறோம் என்பதை எந்தக் கோட்டிலிருந்து படிப்பது?

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குக் கடன் கணக்குச் செய்து கொடுத்தேன். வெளிக்கள உத்தியோகத்தர் போனில் பதிவார். ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் பல இடங்களில் சிக்னல் வரும் போகும், அதனால் போனில் பதிந்தது சில வேளை அடுத்த நாள்தான் சேவையகத்துக்கு வரும். அதற்காக ஒரு விதி வைத்தோம்: போனில் எடுத்த பதிவைச் சேவையகம் ஒருபோதும் மேலெழுதக் கூடாது, முரண் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு மனேஜரிடம் காட்ட வேண்டும். கோட்டில் அதைப் பார்க்கும் ஒருவருக்கு அது சுற்றி வளைத்த வேலையாகத்தான் தெரியும். ஏஜென்டுக்கும் அப்படித்தான் தெரிந்தது. "ஒத்திசைவை எளிமைப்படுத்துகிறேன்" என்று கடைசியாக வந்ததே சரி என்ற முறைக்கு மாற்றப் பார்த்தது. திட்டத்தில் காரணத்தோடு அந்த விதி இருந்த பிறகு ஒருநாளும் அதைத் தொடவில்லை.

ஆகவே அழிக்க வேண்டியது படிகள். வைத்திருக்க வேண்டியது முடிவுகளும் காரணங்களும்.

குளக்கட்டு

தம்பி பரந்தன், உங்கள் ஏஜென்ட் முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை. அதன் நிலையில் இருந்து பாருங்கள். புதிதாக ஒரு அமர்வு தொடங்கும்போது அதற்கு நேற்றைய பேச்சு எதுவும் நினைவில் இல்லை. தராசு வாங்கிய கதை உங்களுக்கும் நண்பருக்கும் தெரியும், அதற்குத் தெரியாது. ரெப்போவில் கிலோ என்று கோட் இருக்கிறது, மூடையில் பதியப்படும் என்று திட்டம் இருக்கிறது. கோட் ஒரு நிலைமை, திட்டம் ஒரு கட்டளை போல எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் முரண்பட்டால் கட்டளைப்படி நிலைமையை மாற்றுவதுதான் தன் வேலை என்று அது எடுத்துக்கொள்ளும். ஒரே நீண்ட அமர்வில் இருந்தால்கூட, பேச்சு நீண்டு சூழல் (ஒரே நேரத்தில் அது பார்க்கக்கூடிய உரையின் அளவு) நிரம்பியதும் பழையதைச் சுருக்கித்தான் தொடரும், அந்தச் சுருக்கத்தில் "மூடை வேண்டாம் என்று சொன்னார்" என்ற ஒரு சின்ன வாக்கியம் தங்கும் என்று நம்ப முடியாது. டிஸ்க்கில் கோப்பாக இருப்பது மட்டும்தான் அடுத்த அமர்வுக்கு நிச்சயமாகப் போகும்.

நான் வேலை செய்யும் இடத்தில் (வெளிநாட்டுக் கம்பனி, கிளிநொச்சியில் வீட்டில் இருந்தபடிதான்) நாங்கள் வந்து சேர்ந்த வழி இது. முடிவு மாறினால் முதலில் திட்டத்தில் அந்த வரியை மாற்றுவது. மாற்றிவிட்டு ஏஜென்டிடம் "திட்டம் மாறியிருக்கிறது, கோட்டை அதற்கேற்ப மாற்று" என்று சொல்வது. கோட் முடிந்த பிறகு திட்டத்தைத் திருத்துவோம் என்று வைத்தால் அது நடக்கவே நடக்காது, ஏனென்றால் அந்த நேரத்தில் வேலை முடிந்துவிட்டது, ஆலைக்காரர் அடுத்ததைக் கேட்டுக்கொண்டிருப்பார், கரண்ட் போயிருக்கும். வேலை தொடங்குவதற்கே அந்தத் திருத்தம் வேண்டும் என்றால் அதை விட முடியாது. இரண்டு மாற்றமும் ஒரே கொமிட்டில் (ஒன்றாகச் சேமிக்கும் மாற்றத் தொகுதி) போக வேண்டும். தனித்தனிக் கொமிட் என்று விட்டால் திட்டத்தின் கொமிட் பின்னுக்குப் போய்ப் போய் மறைந்துவிடும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதில்லை. இரணைமடுவில் சிறுபோகக் கூட்டம் வைத்தால், குளத்தில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தான் எவ்வளவு ஏக்கர், எந்தத் திகதிக்குள் விதைப்பு என்று முடிவெடுக்கிறார்கள். போன வருடக் கூட்டக் குறிப்பைப் பார்த்து இந்த வருடம் எவரும் வாய்க்கால் திறப்பதில்லை.

இன்னொன்று. கோட்டில் இருப்பதைத் திட்டத்தில் திரும்ப எழுதாதீர்கள். அட்டவணையின் நிரல்கள், ஏபிஐ பாதைகள், இன்ன கோப்பில் இன்ன வரி எண், இதெல்லாம் நாளைக்கே பழையதாகிவிடும். வரி எண் மிக மோசம், மேலே ஒரு இம்போர்ட் சேர்த்தாலே மாறிவிடும். கோப்பின் பெயரையும் செயற்கூறின் பெயரையும் சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை அது போய்ப் பார்த்துக்கொள்ளும். திட்டத்தில் எவ்வளவு குறைவாக எழுதுகிறோமோ, பழுதாகக்கூடியதும் அவ்வளவு குறையும்.

முள்ளியவளை_மாணவன்

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன், இறுதி வருட புரொஜெக்டுக்கு இதே போல ஒன்று வைத்திருக்கிறோம். நாங்கள் திருத்துகிற வேலையையே ஏஜென்டிடம் கொடுத்துவிட்டோம். ஏஜென்ட் தொடங்கும்போது படிக்கும் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பில் "ஒவ்வொரு படி முடிந்ததும் திட்டத்தில் அடையாளம் போடு" என்று எழுதியிருக்கிறோம். அழகாகப் போடுகிறது. இதில் ஏதாவது ஆபத்து இருக்கிறதா, அக்கா அண்ணாமார் யாராவது சொல்லுங்கள்.

மல்லாவிக்காரி

தம்பி, அழகாகப் போடும், அதுதான் கவனிக்க வேண்டிய இடம். அது "முடிந்தது" என்று போடும் அடையாளத்துக்குப் பின்னால் மூன்று விதமான நிலைமை இருக்கலாம். உண்மையாகவே முடிந்து சோதனைகளும் ஓடியிருக்கலாம். கோட் எழுதப்பட்டு ஓட்டிப் பார்க்காமல் இருக்கலாம். அல்லது ஒரு சோதனை தோற்றதால் அதை ஸ்கிப் பண்ணிவிட்டு மற்றவை பச்சையாக இருப்பதைப் பார்த்து முடிந்தது என்று எழுதியிருக்கலாம். மூன்றிலும் திட்டத்தில் தெரிவது ஒரே அடையாளம். அடுத்த அமர்வு அதைப் படித்து, இது முடிந்தது என்று நம்பி, அதன் மேலே கட்டத் தொடங்கும்.

நான் ஏஜென்டிடம் கொடுக்கும் விதி: அடையாளம் போடுவதானால் பக்கத்தில் எந்தச் சோதனை, எந்தக் கட்டளை ஓட்டி அது தேறியது என்றும் எழுது. சோதனை இல்லாத படி என்றால் "கையால் பார்க்க வேண்டும்" என்று எழுதி அடையாளம் போடாமல் விடு. ஸ்கிப் செய்த சோதனை இருந்தால் அதன் பெயரை எழுது. பிறகு நான் போய் அந்தக் கட்டளையை ஒருக்கால் ஓட்டிப் பார்ப்பேன். எல்லாவற்றையும் இல்லை, காசு சம்பந்தப்பட்டதைக் கட்டாயம்.

படிகளை அது திருத்தட்டும், பரவாயில்லை. முடிவுகளை அது திருத்தக் கூடாது. முடிவு பிழையாகத் தெரிந்தால் நின்று கேட்க வேண்டும். பரந்தன் தம்பிக்கு நடந்ததில் இந்த ஒரு வரி இருந்திருந்தாலே போதும்: "திட்டமும் கோட்டும் முரண்பட்டால் எதையும் மாற்றாதே, முரணைச் சொல்லிவிட்டு நில்." இதை நான் கிளோட் கோட் தொடங்கும்போது படிக்கும் கிளோட்.எம்டியில் முதல் சில வரிகளுக்குள் வைத்திருக்கிறேன்.

பரந்தன்_பெடியன்

அந்த வரியை இப்போதே சேர்க்கிறேன் அக்கா. ஒரு சந்தேகம், நான் கிளோட் கோட், நண்பர் கேர்சர். எனக்குக் கிளோட்.எம்டி, அவருக்கு ஏஜென்ட்ஸ்.எம்டி. இரண்டிலும் தனித்தனியாக எழுதினால் அதுவே இன்னொரு முரணாகிவிடாதா?

குளக்கட்டு

ஆகும். இரண்டில் ஒன்றை மட்டும் உண்மையான கோப்பாக வையுங்கள். ஏஜென்ட்ஸ்.எம்டியில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கிளோட்.எம்டியில் அந்தக் கோப்பை உள்ளே இழுக்கும் ஒரு வரி மட்டும் போடலாம், அட் குறியும் கோப்பின் பெயரும் போட்டால் கிளோட் கோட் அதைச் சேர்த்துப் படிக்கும். அந்தக் கோப்புக்குள் திட்டம் முழுவதையும் போடாதீர்கள், திட்டம் எங்கே இருக்கிறது, எப்போது படிக்க வேண்டும் என்பது மட்டும் போதும். அந்தக் கோப்பு ஒவ்வொரு அமர்விலும் ஏறும்.

வவுனியா_விரிவுரை

இதில் மாணவர்களும் இருப்பதால் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். திட்டமும் ஆவணமும் கோட்டோடு விலகிப்போவது ஏஜென்ட் வந்த பிறகு பிறந்த பிரச்சினை இல்லை. டேவிட் பார்னாஸ், போல் கிளெமென்ட்ஸ் இருவரும் 1986 இல் எழுதிய ஒரு கட்டுரையில், மென்பொருளை யாரும் முதலிலிருந்து கடைசிவரை தர்க்க ஒழுங்கில் வடிவமைப்பதில்லை, தேவைகள் முழுதாகத் தெரியாமல்தான் தொடங்குகிறோம், இடையில் மாறுகிறது, ஆனாலும் ஆவணத்தை மட்டும் அந்த ஒழுங்கான வழியில் வந்தது போலவே எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். ஏனென்றால் பிறகு படிக்க வருபவருக்கு நாம் தடுமாறிய வரலாறு தேவையில்லை, இப்போது இருக்கும் வடிவமும் அதன் நியாயமும் தேவை. நாற்பது வருடத்துக்கு முந்திய இந்த ஆலோசனை ஏஜென்டுக்கு எழுதுவதில் அப்படியே பொருந்துகிறது. திட்டத்தில் "முதலில் மூடை என்று இருந்தது, பிறகு கிலோ ஆக்கினோம், இடையில் இரண்டும் வைத்திருந்தோம்" என்று அடுக்கடுக்காக எழுதி வைத்தால், படிக்கும் ஏஜென்ட் அதில் மூடை என்ற சொல்லையும் எடுத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் வரலாறு வேண்டாமா? வேண்டும். 2011 இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த முறை ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு கட்டமைப்பு முடிவையும் ஒரு சிறு கோப்பாக எழுதுவது: சூழ்நிலை என்ன, என்ன முடிவு, அதன் விளைவு என்ன, நிலை என்ன. முடிவு மாறினால் பழைய கோப்பை அழிக்காமல் "இன்ன முடிவால் மாற்றப்பட்டது" என்று நிலையை மட்டும் மாற்றிவிட்டுப் புதியதை எழுதுவார்கள். மனிதர்களுக்கு அது மிக நல்ல முறை. ஏஜென்டோடு பாவிக்கும்போது மட்டும் மாற்றப்பட்ட கோப்புகளை வேறு ஒரு கோப்புறையில் வைத்து, கேட்டால் தவிரப் படிக்காதே என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அது ஒரு சொல்லைத் தேடும்போது பழைய முடிவும் புதிய முடிவும் சேர்ந்து வந்து விழும், மேலே இருக்கும் நிலைக்குறிப்பைக் கவனிக்கவும் செய்யலாம், கவனிக்காமலும் விடலாம்.

ஒட்டுசுட்டான்

சேர், முடிவுகள் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், மல்லாவித் தங்கச்சி சொன்ன சிக்னல் கதை என்னை யோசிக்க வைத்தது. என் புரொஜெக்ட்களில் அப்படிப்பட்ட விதிகள் இருக்கின்றன, அவற்றைக் கோட்டுக்குள் கொமன்ட் ஆக வைத்திருக்கிறேன், அதனால்தான் எனக்குத் திட்டம் இல்லாமல் ஓடுகிறது போல.

ஆனால் ஒரு விஷயத்தில் விடமாட்டேன். நீளம். எல்லோரும் அதைச் சேர், இதைச் சேர் என்கிறீர்கள். 2023 இல் வந்த ஓர் ஆய்வில், நீண்ட உரையைக் கொடுத்தால் மொழி மாதிரிகள் (ஏஜென்டுக்குள் இருந்து யோசிப்பவை) தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பதை நன்றாக எடுத்துக்கொள்கின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு மாதிரிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன, சரி, ஆனாலும் நீண்ட திட்டம் நல்லது என்று எவரும் காட்டவில்லை. முடிந்த படிகளைத் திட்டத்தில் வைத்திருப்பதால் யாருக்கு என்ன பயன்? கோட்டின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட் இருக்கிறது, அதில் எல்லாம் இருக்கிறது. முடிந்ததை வெட்டுங்கள். ஒரு திரையில் வாசித்து முடிக்க முடியாத திட்டத்தை நாமே வாசிப்பதில்லை, வாசிக்காததைத் திருத்தவும் மாட்டோம்.

குளக்கட்டு

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். முடிந்த படிகளை வெட்டலாம், கிட் லாக்கில் அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் வரலாறு முழுவதும் வரும். ஒன்றே ஒன்றை மட்டும் வெட்டாதீர்கள்: முயன்று பார்த்துக் கைவிட்ட வழி. "ரசீதை போனிலிருந்தே புளூடூத் பிரிண்டருக்கு அனுப்பிப் பார்த்தோம், தமிழ் எழுத்துகள் உடைந்து வந்தன, படமாக மாற்றி அனுப்புகிறோம்" என்று ஒரு வரி இல்லையென்றால், அடுத்த அமர்வில் அது அதே வழியைப் புதிதாகக் கண்டுபிடித்தது போல மிக உற்சாகமாக மறுபடி தொடங்கும், நம் நேரமும் டோக்கனும் (மாதிரி படிக்கும், எழுதும் உரையை அளக்கும் அலகு) போகும்.

முள்ளியவளை_மாணவன்

டோக்கன் என்றதும் கேட்க நினைத்தது. திட்டத்தைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

மல்லாவிக்காரி

இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். தமிழில் எழுதினால் அதே விஷயத்துக்குக் கூடுதல் டோக்கன் போகும், அது உண்மை. ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சங்க மனேஜர் தேவைகளை வட்ஸ்அப்பில் குரல் செய்தியாகத்தான் அனுப்புவார். அதை நான் ஆங்கிலமாக்கி எழுதினால் திரும்ப அவரிடம் காட்டிச் சரிபார்க்க முடியாது. அதனால் வியாபார விதிகளை மட்டும் தமிழில் எழுதுகிறேன், அவர் தன் போனில் வாசித்து "இது இப்போது இப்படி இல்லைப் பிள்ளை" என்று சொல்லுமளவுக்கு. தொழில்நுட்பப் பகுதி ஆங்கிலத்தில். மாதிரிகளுக்குத் தமிழ் விதிகள் நன்றாகவே விளங்குகின்றன. கோட்டில் வரும் பெயரைத் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒருதடவை எழுதி வைத்தால் குழப்பமும் வராது.

எனக்குத் திட்டம் பழையதாகாமல் இருப்பதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தொழிலைத் தெரிந்த ஆள் வாசிக்கிறார். கோட் மாறியதால் வரும் விலகலை நாம் பிடித்துவிடலாம், தொழில் மாறியதால் வரும் விலகலை அவர்கள்தான் பிடிக்க வேண்டும். தராசு வாங்கியது ஆலைக்காரர், நீங்கள் இல்லையே.

பரந்தன்_பெடியன்

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆலைக்காரருக்கு நாங்கள் ஒருநாளும் திட்டத்தைக் காட்டியதில்லை, செயலியை மட்டும்தான் காட்டியிருக்கிறோம்.

சரி, இதை இயந்திரமே பிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா? ஒவ்வொரு தடவையும் நாம் நினைவு வைத்திருப்போம் என்று சொல்ல முடியாது, போகம் வெட்டும் நாட்களில் ஆலையில் லொறி வரிசையில் நிற்கும்போது போனில் திருத்தம் கேட்பார்கள், அந்த நேரத்தில் திட்டக் கோப்பு யாருக்கும் ஞாபகம் வராது.

குளக்கட்டு

நாங்கள் பாவிப்பதைச் சொல்கிறேன், எடுக்கக்கூடியதை எடுங்கள்.

முதலாவது மிக எளிது. திட்டத்தில் கோப்புப் பெயர், செயற்கூறு பெயர் வந்தால் பேக்டிக் (`) குறிகளுக்குள் எழுதுவோம். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அவற்றை எல்லாம் பொறுக்கி எடுத்து ரெப்போவில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால், கோட்டை ஏற்றும்போது தானாகச் சோதிக்கும் கிட்ஹப் அக்ஷன்ஸில் சிவப்பு. பெயர் மாற்றிய கோப்பைத் திட்டம் இன்னும் பழைய பெயரில் அழைப்பதை இது உடனே பிடிக்கும். அந்த ஸ்கிரிப்டையும் ஏஜென்டே எழுதித் தரும்.

ஆனால் மூடை, கிலோ போன்றதை அது பிடிக்காது, அங்கே எந்தப் பெயரும் உடையவில்லை. அதற்கு முடிவுகளுக்கு எண் கொடுக்கிறோம். மு-1, மு-2 என்று. அந்த முடிவைக் காக்கும் சோதனையின் பெயரிலும், கோட்டில் அந்த விதி வரும் இடத்துக் கொமன்டிலும் அதே எண் இருக்கும். மு-3 ஐ மாற்ற வேண்டும் என்றால் ரெப்போவில் மு-3 என்று தேடினால் தொட வேண்டிய இடங்கள் எல்லாம் வரும். மறுபக்கத்தில், யாரோ அவசரத்தில் கோட்டை மட்டும் மாற்றினால் மு-3 சோதனை தோற்கும், தோற்ற சோதனையின் பெயரே திட்டத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். லொறி வரிசையில் நிற்கும் நேரத்திலும் இது ஞாபகப்படுத்தும், மனிதரை நம்பியிருக்கவில்லை.

மூன்றாவது, கிளோட் கோடில் ஹூக் வைக்கலாம். ஏஜென்ட் வேலையை முடிக்கும் தருணத்தில் ஒரு கட்டளை ஓடும்படி. மைக்ரேஷன் கோப்புறையில் மாற்றம் இருந்து திட்டத்தில் மாற்றம் இல்லையென்றால் அது ஏஜென்டுக்கே திரும்பிச் சொல்லும். கட்டாயமாகத் தடுக்கத் தேவையில்லை. எல்லா மைக்ரேஷனும் ஒரு முடிவை மாற்றுவதில்லை, தடுத்தால் ஏஜென்ட் தடையைத் தாண்டுவதற்காகத் திட்டத்தில் ஏதோ ஒரு வெற்று வரி சேர்க்கும், அது இன்னும் கேடு.

வவுனியா_விரிவுரை

குளக்கட்டு சொன்னவற்றோடு ஒன்று சேர்க்கிறேன். இடைக்கிடை ஒரு தனி அமர்வில், வேறு எந்த வேலையும் கொடுக்காமல், "திட்டத்தின் ஒவ்வொரு முடிவையும் கோட்டோடு ஒப்பிடு, பொருந்துகிறது, பொருந்தவில்லை, கோட்டில் இதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று மட்டும் பிரித்துச் சொல், எதையும் திருத்தாதே" என்று கேளுங்கள். வாசிக்க மட்டும் அனுமதிக்கும் பிளான் மோடில் ஓட்டினால் இன்னும் நல்லது. கிடைக்கும் பட்டியலில் மூன்றாவது வகையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஆதாரம் இல்லாத முடிவு என்றால் ஒன்று அது இன்னும் செய்யப்படவில்லை, அல்லது யாரோ சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்கள்.

ஒட்டுசுட்டான்

இது நல்லது. இதை நான் திட்டம் இல்லாமலே கொமன்ட்களோடு செய்து பார்க்கப்போகிறேன்.

முள்ளியவளை_மாணவன்

எங்கள் குழுவில் நான்கு பேர், நான்கு பிரான்ச் (ஒவ்வொருவரும் தனியாக வேலை செய்யும் கோட் கிளை), ஒரே திட்டக் கோப்பு. கிளைகளைச் சேர்க்கும் ஒவ்வொரு மேர்ஜிலும் அந்தக் கோப்பில்தான் முரண் வருகிறது, கடைசியில் யாரோ ஒருவருடைய திருத்தம் காணாமல் போகிறது.

மல்லாவிக்காரி

ஒரே கோப்பாக வைக்காதீர்கள் தம்பி. முடிவுகளுக்கு ஒரு கோப்பு, அது எல்லோருக்கும் பொது, அதில் மாற்றம் என்றால் நால்வரும் பேசித்தான். ஒவ்வொருவர் வேலைக்கும் தனித்தனிப் படிக் கோப்பு, பிரான்சின் பெயரிலேயே. வேலை மெயினுக்குள் போனதும் ஒட்டுசுட்டான் அண்ணா சொன்ன மாதிரி அந்தப் படிக் கோப்பை அழித்துவிடுங்கள். அழிப்பதற்கு முன் அதற்குள் பொது முடிவாக மாற வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், பல நேரம் நல்ல முடிவுகள் அங்கேதான் கிடக்கும்.

பரந்தன்_பெடியன்

எல்லோருக்கும் நன்றி. நண்பரோடு இருந்து திட்டத்தைத் திரும்ப எழுதினோம். முந்தியதில் காற்பங்குகூட வரவில்லை. தமிழ்ப் பகுதியை இங்கே போடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

இப்போது செய்வது: விவசாயிக்கான ரசீது. படிகள் தனிக் கோப்பில்.

மு-1: விலை நெல் வகைப்படி (நாடு, சம்பா, கீரிச்சம்பா). விலையை மாற்றினால் பழைய கொள்வனவுகளின் தொகை மாறக்கூடாது, கொள்வனவின்போது இருந்த விலை அந்தப் பதிவிலேயே சேமிக்கப்படும்.

மு-2: ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் என்றால் கழிவு. கழிவு வீதத்தை ஆலைக்காரர் மட்டும் மாற்றலாம். காரணம்: நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீதத்தை எல்லையாக வைத்து வாங்குவதால் விவசாயிகளுக்கு அந்த எண் பழக்கம், ரசீதிலும் அதைக் காட்ட வேண்டும்.

மு-3: கொள்வனவு கிலோவில் மட்டும் பதியப்படும். மூடை எண்ணிக்கை எங்கும் சேமிக்கப்படாது. காரணம்: மூடைக்கு மூடை நிறை வேறுபடும், பணம் கிலோவுக்கே.

மு-4: செயலியில் எடுத்த பதிவைச் சேவையகம் மேலெழுதாது. (மல்லாவி அக்காவிடம் எடுத்தது.)

கைவிட்டது: புளூடூத் பிரிண்டருக்குத் தமிழை எழுத்தாக அனுப்புவது.

திட்டமும் கோட்டும் முரண்பட்டால் நின்று கேள்.

மல்லாவிக்காரி

வடிவாக இருக்கிறது. மு-3 இல் ஒரு கேள்வி. "எங்கும் சேமிக்கப்படாது" என்று அடித்து எழுதியிருக்கிறீர்கள். விவசாயி தன் சாக்கில் நெல் கொண்டு வந்தால் வெற்றுச் சாக்கைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கு ஒன்று ஆலைகளில் இருக்குமே, அதை எங்கே வைக்கிறார்கள்? இந்த வரி இருந்தால் நாளைக்கு அந்தக் கணக்கைக் கேட்கும்போது ஏஜென்ட் மறுத்து நிற்கும்.

பரந்தன்_பெடியன்

ஆலைக்காரருக்குத் திட்டத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இதையும் கேட்டேன். சாக்குக் கணக்கு ஒரு கொப்பியில் தனியாக ஓடுகிறதாம், தராசடியில் நிற்பவர்தான் எழுதுகிறார், இதுவரை எங்களிடம் அது பற்றிக் கதைத்ததே இல்லை. மென்பொருளுக்குள் வர வேண்டுமா என்பதை அறுவடை முடிந்து சொல்கிறேன் என்றார். மு-3 ஐ "விலைக் கணக்கில் மூடை எண்ணிக்கை பாவிக்கப்படாது" என்று மாற்றிவிட்டேன். சாக்குக் கணக்கு "முடிவாகாதவை" என்ற தலைப்பின் கீழ் யாரிடம் கேட்க வேண்டும் என்பதோடு இருக்கிறது, அதற்கு முன் இதில் எந்தக் கோட்டும் எழுத வேண்டாம் என்றும் ஒரு வரி. மு-2 இலும் அவர் ஒரு திருத்தம் சொன்னார், ஈரம் மிகக் கூடினால் கழிவு இல்லை, நெல்லைத் திருப்பி அனுப்புவாராம். எந்த வீதத்துக்கு மேல் என்று கேட்டு வைத்திருக்கிறேன், பதில் வந்ததும் சோதனையோடு சேர்த்து ஒரே கொமிட்டில் போடுகிறேன்.